சைனாடவுனில் சாப்பிடப் போகிறீர்களா? எங்கே சறுக்குவீர்கள் என்று சொல்கிறேன்

ஊரிலிருந்து யார் சிங்கப்பூர் வந்தாலும் அவர்களைச் சீனர் பேட்டையான சைனாடவுனுக்குக் கூட்டிப்போவது என் வேலை. வருகிறவர்கள் மாறுகிறார்கள், செய்யும் தவறுகள் மாறுவதில்லை.

முதலில் நேரம். தெருவில் தொங்கும் சிவப்புச் சீன விளக்குகளைப் பார்க்கலாமென்று சாயங்காலம் கிளம்புகிறார்கள். படம் எடுக்க அது சரி. சமையலுக்கு ஏதாவது வாங்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்கே ஸ்மித் ஸ்திரீட்டில் உள்ள சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் நிற்க வேண்டும். கீழ்த்தளத்தில் ஈரச்சந்தை. மதியம் ஆவதற்குள் பாதிக் கடைகள் கழுவி மூடிவிடும். திங்கட்கிழமை மீன்கடைகள் பல திறப்பதே இல்லை. தவளை, விலாங்கு, ஆளுயரத்துக்குக் குவிந்த கீரை எல்லாம் அங்கே உண்டு. தரையில் எப்போதும் தண்ணீர் நிற்கும், நல்ல செருப்போடு போகாதீர்கள்.

மேலே இரண்டாம் தளத்தில் உணவங்காடி நிலையம், 200-க்கும் மேற்பட்ட கடைகள். கண்ணில் பட்ட முதல் கடையிலேயே ஆளுக்கு ஒரு தட்டு வாங்கி வயிற்றை நிரப்பிவிட்டால் அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. நாலு பேருக்கு இரண்டு தட்டு போதும். முடிந்ததும் அடுத்த கடைக்கு நகருங்கள். இங்கிருந்த ஒரு சோயா சாஸ் கோழிக் கடைக்கு 2016-இல் நல்ல உணவகங்களுக்குக் கொடுக்கும் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது, 2021-இல் அது போயும்விட்டது. நட்சத்திரத்தை விட, பக்கத்து வீட்டுத் தாத்தாக்கள் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பலன் தந்திருக்கிறது. கடைக்காரரை ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்றே கூப்பிடலாம். சில்லறை வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கையில் இருக்கட்டும், எல்லாக் கடையிலும் கார்டு எடுக்க மாட்டார்கள்.

மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ மறந்துவிட்டுப் போனதென்று நினைத்து உட்காராதீர்கள். அந்த இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சாப்பிட்ட தட்டை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இதற்குச் சட்டமே உண்டு, அபராதம் வரை போகலாம்.

காப்பியிலும் ஏமாறுகிறவர்கள் உண்டு. வெறும் ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பால் ஊற்றி இனிக்க இனிக்க வரும். பால் இல்லாமல் வேண்டுமென்றால் ‘கோப்பி ஓ’. அதிலும் சர்க்கரை இருக்கும். அதுவும் வேண்டாதவர் ‘கோப்பி ஓ கோசோங்’ என்று கேட்க வேண்டும்.

அப்புறம் சைவம். என் சித்தி சுத்த சைவம். பலகையில் ‘கேரட் கேக்’ என்று பார்த்ததும், “இது போதும்டா எனக்கு” என்றார். அதில் கேரட்டும் இல்லை, கேக்கும் இல்லை. அரிசி மாவில் வெள்ளை முள்ளங்கியைத் துருவிப்போட்டு வேகவைத்து, துண்டுபோட்டு, முட்டையோடு வறுப்பது. மீன் சாஸும் சேரும். சித்தியின் கை தட்டுக்குப் போவதற்குள் தடுத்துவிட்டேன். கீரை வதக்கலை நம்பினாலும் இதே கதைதான், சிப்பி சாஸோ பன்றிக் கொழுப்போ உள்ளே இருக்கும். கோழிச் சோற்றில் கோழியை ஒதுக்கினாலும் சோறே கோழிக் கொழுப்பில் சமைத்தது. ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. சைவம் என்று பொருள்படும் ‘素’ என்ற சீன எழுத்து போட்ட கடையைத் தேடுங்கள். பௌத்த வழக்கப்படி நடக்கும் கடையென்றால் வெங்காயம், பூண்டுகூடப் போட மாட்டார்கள். அங்கே தட்டில் வாத்து மாதிரி ஏதாவது கிடந்தால் பயப்பட வேண்டாம், சோயாவில் செய்தது. ஹலால் பார்ப்பவர்கள் சான்றிதழ் மாட்டிய கடைக்கு மட்டும் போகலாம். தட்டு வைக்கும் இடமும் அவர்களுக்குத் தனி.

உலர்பொருள் கடைகளில் விலைச்சீட்டை முழுசாகப் படியுங்கள். சித்தப்பா உலர்ந்த காளானுக்கு ‘6’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, கிலோ ஆறு வெள்ளிதானே என்று அரைக்கிலோ கட்டச் சொன்னார். பில் 30 வெள்ளி. கீழே பொடி எழுத்தில் ‘100 கிராம்’ என்று இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டார், காளானைப் பற்றி வீடு வரும் வரை வாயே திறக்கவில்லை.

டுரியான் பழத்தைக் கடைசிக்கு வையுங்கள். ஓட்டோடு நிறுப்பார்கள், உள்ளே சுளை அதில் கொஞ்சம்தான். அதனால் கிலோ விலையைக் கேட்டு, தராசில் எண்ணைப் பார்த்து, சரி என்று தோன்றிய பிறகு வெட்டச் சொல்லுங்கள். வெட்டிவிட்டால் அது உங்கள் பழம். அங்கேயே நின்று தின்று முடித்துவிடுங்கள். அதன் நெடியால் எம்ஆர்டி ரயிலில் ஏற்ற முடியாது, ஹோட்டல்களும் பெரும்பாலும் விடாது.

மாரியம்மன் கோயில் அங்கிருந்து நடை தூரம்தான். பக்கத்துத் தெருவின் பகோடா (கோபுரம்) ஸ்திரீட் என்ற பெயரே அதன் கோபுரத்தை வைத்து வந்தது. சித்தி கோயிலுக்குப் போக வேண்டுமென்றார். டுரியான் தின்ற கையோடு எப்படி என்று அவரே நின்று, சித்தப்பாவிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கி மூன்று தடவை கை கழுவினார். கையை முகர்ந்து பார்த்துவிட்டு நாலாவது தடவையும் கழுவினார்.