கோட் ப்ளூவில் மூளை ஆக்சிஜன் மானிட்டர்: ஒட்டுவதும் படிப்பதும்

இதய அறுவை அரங்கில் அனஸ்தீசியா டெக்னீஷியனாக எனக்குப் பதினான்கு வருடம். இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினில் நோயாளி இருக்கும் நேரம் முழுக்க மூளை ஆக்சிஜன் மானிட்டர் மேல் எங்களுக்கு ஒரு கண் இருக்கும். இரண்டு வருடமாக, ஐசியூவில் கோட் ப்ளூ, அதாவது இதயம் நின்றுவிட்டது என்ற அவசர அழைப்பு வந்தால் அந்த மானிட்டரைத் தள்ளிக்கொண்டு ஓடுவதும் என் வேலை. புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நாடித்துடிப்பை நம்பி இருப்பது. இதயம் நின்றுவிட்டால் அதில் பார்க்க ஒன்றும் இல்லை. இந்த மானிட்டருக்காக நெற்றியில் ஒட்டும் சென்சாருக்குத் துடிப்பு வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வகை ஒளி மண்டை ஓட்டைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அந்த ஒளியை ஒரு விதமாக உறிஞ்சும், ஆக்சிஜன் இழந்தது வேறு விதமாக. இதை வைத்து மூளையின் ஆக்சிஜனை வெளியிலிருந்தே பார்க்கலாம் என்று 1977இல் பிரான்ஸ் யோப்சிஸ் என்ற விஞ்ஞானி காட்டினார். சென்சார் பார்க்கும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிரை ரத்தம், அதாவது மூளையிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம். ஆகவே திரையில் வரும் எண், மூளைக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதல்ல. மூளை செலவு செய்தது போக மிச்சம் எவ்வளவு என்பது. நல்ல உடம்பில் அந்த மிச்சம் பொதுவாக 60 முதல் 75 சதவீதம் இருக்கும்.

சரி, ஒட்டுவதற்கு வருவோம். நெஞ்சை அழுத்தும் கை இதற்காக ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. தலைமாட்டில் ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) பிடிப்பவர் நிற்பார். அவரை இடிக்காமல் பக்கவாட்டில் இருந்து கையை நீட்டுங்கள். நம்மூர் நெற்றி சும்மா இருக்காது. விபூதி, குங்குமம், சந்தனம், தலைவலித் தைலம், போதாததற்கு வியர்வை. உலர்ந்த காஸ் துணியால் ஒரு துடை, ஸ்பிரிட்டால் ஒரு துடை, மறுபடி உலர்ந்த காஸ். பத்து நொடி வேலைதான். புருவத்துக்குக் கொஞ்சம் மேலே, முடி தொடங்கும் இடத்துக்குக் கீழே, வலதில் ஒன்று இடதில் ஒன்று. நட்ட நடுவில் ஒட்டாதீர்கள். அங்கே பெரிய சிரைக் குழாய் ஓடுகிறது. நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி ஒட்டி, வயரைக் காதோரம் கொண்டுபோய் பிளாஸ்டர் போடுங்கள். விளக்கு நேராக அடித்தால் மேலே ஒரு துணி.

அரங்கில் மயக்கம் கொடுப்பதற்கு முன், ஒப்பிடுவதற்கான தொடக்க அளவைப் பதிய பேஸ்லைன் பொத்தானை அமுக்குவோம். பழக்க தோஷத்தில் இங்கேயும் அமுக்கிவிடாதீர்கள். இதயம் நின்ற பிறகு எடுத்த அளவை வைத்து எதை ஒப்பிடுவது?

நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். நெற்றியில் தைலம், அவசரத்தில் சரியாகத் துடைக்கவில்லை. நான்காவது நிமிடம் இடது பக்க எண் இறங்கத் தொடங்கியது. “இறங்குது, இறங்குது” என்று கத்திக்கொண்டிருந்தேன். அழுத்திக்கொண்டிருந்த தம்பி பயந்துபோய் உயிரைக் கொடுத்து அழுத்தினான். கடைசியில் சிஸ்டர்தான், “அண்ணா, சென்சார் பட்டை புருவத்துக்கு வந்துடுச்சு பாருங்க” என்றார். அன்றிலிருந்து எண்ணைப் பார்க்கும் முன், சிக்னல் சரியாக வருகிறதா என்று காட்டும் திரைப் பட்டியைப் பார்ப்பேன், அப்புறம் நெற்றியைப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் நிறைய வித்தியாசம் வந்தால் பழைய பக்கவாதம் உண்டா என்று கேஸ் ஷீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களிடம் இருக்கும் இன்வோஸ் கருவியில் 15க்குக் கீழே எண்ணே கிடையாது. 15இல் நின்றால் அதற்கு மேல் இறங்க இடமில்லை என்றுதான் அர்த்தம். வேறு கம்பெனிக் கருவியின் எண்ணோடு இதை ஒப்பிடவும் கூடாது.

ஒரு தனி எண்ணை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். போக்கைச் சொல்லுங்கள்: “முப்பத்தெட்டு, ஏறுது” அல்லது “முப்பத்தெட்டு, அசையலை.” அசையாவிட்டால் முதலில் நெஞ்சை அழுத்தும் கையைப் பாருங்கள். ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர வேண்டும். களைத்தவர் அதன் மேலேயே சாய்ந்துகொண்டிருப்பார், அவருக்கே தெரியாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவது இதற்காகத்தான். ஐசியூ காற்று மெத்தை என்றால் காற்றை இறக்கியாயிற்றா என்றும் பாருங்கள்.

அடுத்தது ஆம்பு பேக். எல்லோரும் கோட்டை விடும் இடம் இதுதான். மூச்சுக்குழாயில் ட்யூப் போட்ட பிறகு நிமிடத்துக்குப் பத்து மூச்சு போதும், அதாவது ஆறு நொடிக்கு ஒன்று. பதற்றத்தில் முப்பதுகூடக் கொடுப்பார்கள். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்துவிடும். ஆக்சிஜன் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே மூளைக்குப் போவதைத் தடுப்போம். ஒரு கேஸில் எண் முப்பதை ஒட்டியே கிடந்தது. அழுத்துவதில் குறை இல்லை. பேக் பிடித்த பெண்ணின் பக்கத்தில் நின்று ஒன்று முதல் ஆறு வரை சத்தமாக எண்ணினேன். ஓரிரு நிமிடத்தில் எண் நாற்பதைத் தாண்டியது. அதனால்தான் தாண்டியது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் அன்று முதல் எண்ணுவதை விடவில்லை.

இதயம் திரும்பினால் எண் சட்டென்று மேலே போகும். மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு அளவும் கூடவே எகிறும். இரண்டும் சேர்ந்து ஏறினால் டீம் லீடர் டாக்டரிடம் சொல்லுங்கள். நாடி பார்ப்பது அவர் சொல்லும்போது. “வந்துடுச்சு” என்று நீங்களாக அறிவித்துக் கையை நிறுத்த வைக்காதீர்கள்.

“எத்தனைக்கு மேல் போனால் பிழைப்பார் அண்ணா?” என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். மருத்துவ ஆய்வாளர் சாம் பர்னியாவின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், இதயம் திரும்பியவர்களின் சராசரி சுமார் 52, திரும்பாதவர்களுடையது சுமார் 41. ஆனால் இவை சராசரிகள். குறைந்த எண்ணோடு மீண்டவர்களும் உண்டு, நல்ல எண்ணோடு போனவர்களும் உண்டு. 1996இல் இறந்தவர்களின் தலையில் இதே வகைக் கருவியை வைத்துப் பார்த்த ஆய்வில், சிலருக்கு உயிரோடு இருப்பவர்களின் அளவே வந்தது. ஆகவே முயற்சியை நிறுத்துவதா தொடர்வதா என்பது இந்த எண் சொல்லும் சங்கதி அல்ல, நாம் சொல்லும் சங்கதியும் அல்ல.

இதயம் திரும்பியதும் பட்டையைப் பிய்த்துவிடாதீர்கள். எண் மறுபடி இறங்கினால் ரத்த அழுத்தம் சரிகிறதா, வென்டிலேட்டர் வேகம் கூடிக் கார்பன் டை ஆக்சைடு இறங்கிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய் சுருங்கும்.

சென்சார் ஒருமுறைதான் பயன்படும், விலையும் அதிகம். பில்லிங்கில் கேள்வி வரும் என்று பயந்து பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கோட் ப்ளூ நேரத்தில் சாவி தேட முடியாது. பிரிக்காத ஒரு ஜோடியை மானிட்டரின் முதுகில் பிளாஸ்டரால் ஒட்டி வைத்திருக்கிறேன். எடுத்தால் அன்று இரவே அடுத்த ஜோடியை ஒட்டிவிடுங்கள். சார்ஜரும் செருகியிருக்கட்டும்.