கொழும்பில் பெண் பொலிஸை வைத்து ஒரு குற்றத் தொடர்: எங்கிருந்து தொடங்குவது?

தமிழில் குற்றத் தொடர் எழுத உட்காரும் நம்மவர் பலரின் கையில் முதலில் வந்து விழுவது சென்னைப் பொலிஸ்தான். கமிஷனர் வருவார், எஃப்.ஐ.ஆர். போடுவார்கள். அதற்குக் கொழும்புச் சீருடையை மாட்டிவிட்டால் முதல் காட்சியிலேயே சாயம் வெளுத்துவிடும். இங்கே இருப்பது முறைப்பாட்டுப் புத்தகம், பொலிஸ் விசாரணை விபரத்தோடு நீதவானுக்குப் போகும் 'பி' அறிக்கை, சட்ட வைத்திய அதிகாரி, திடீர் மரண விசாரணை அதிகாரி. 'உயர் நீதிமன்றம்' என்ற சொல்கூட இங்கே நாட்டின் அதியுயர் மன்றத்தைக் குறிக்கும். கொலை வழக்கு நடப்பது மேல் நீதிமன்றத்தில்.

ஆகவே கதைக்கு முன் நாயகிகளின் தரத்தையும் பிரிவையும் முடிவு செய்யுங்கள். இருவர் போதும். ஒருத்தி கொட்டாஞ்சேனைப் பக்கத்து நிலையமொன்றின் குற்றப் பிரிவில் உப பொலிஸ் பரிசோதகர், ஹட்டனில் பிறந்த தமிழ்ப் பெண். மற்றவள் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் பொலிஸ் பரிசோதகர், சிங்களப் பெண். சின்னவள் கண்டுபிடித்த வழக்கைப் பெரியவளின் திணைக்களம் ஒரு கடிதத்தோடு எடுத்துக்கொள்ளலாம். இருவருக்கும் இடையிலான இழுபறி அங்கேயே கிடைத்துவிடும். கணவன், மாமியார் சண்டையைத் தேடிப் போகவேண்டியதில்லை. மேலதிகாரியை 'சேர்' என்றும், இவர்களை 'மேடம்' என்றும், முறைப்பாட்டுக்கு வரும் தமிழ்ப் பெண் 'மிஸ்' என்றும் கூப்பிடட்டும். நிலையத்துக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள்.

பெண் அதிகாரி வழக்குக்குள் நுழைய இயல்பான வாசல் ஒன்று சட்டத்திலேயே உண்டு: பெண்ணொருத்தியைச் சோதனையிடுவதானால் இன்னொரு பெண்தான் செய்யவேண்டும். இரவு பதினொரு மணிக்கு ஜிந்துப்பிட்டியில் ஒரு வீட்டைச் சுற்றிவளைத்த பிறகுதான் கூட ஒரு பெண் பொலிஸ்கூட இல்லை என்பது தெரியவருகிறது. நித்திரையிலிருந்தவளுக்குக் கோல் போகிறது. உடம்பைச் சோதிக்கக் கூப்பிட்டவள் அறையையும் பார்த்துவிடுகிறாள். பதவி உயர்வுக் கிளைக்கதை வேண்டுமானால் உண்மையே கைகொடுக்கும். நாட்டின் முதல் பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபர் நியமிக்கப்பட்டது 2020இல்தான். அதையும் எதிர்த்து ஆண் அதிகாரிகள் உயர் நீதிமன்றம் போனார்கள்.

முதல் எபிசோடில் அதிக நேரம் கொடுக்கவேண்டியது முறைப்பாட்டு மேசைக்கு. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது, ஆனால் அந்த நேரத்தில் மேசையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியவேண்டுமே. "தங்கச்சி ராத்திரி வீட்டுக்கு வரேல்ல மிஸ்" என்கிறாள் அக்கா. அரைகுறையாக விளங்கிய கான்ஸ்டபிள் சிங்களத்தில் 'வீட்டை விட்டுச் சென்றுள்ளார்' என்று எழுதுகிறார். வாசித்துக் காட்டுகிறார், அவளுக்கு விளங்கவில்லை, கையெழுத்து வைக்கிறாள். வரவில்லை என்பது போய்விட்டாள் என்றானதும் வழக்கு 'காதலனோடு ஓடிப்போனவள்' கணக்கில் விழுந்துவிடும். நாயகி மூன்றாம் எபிசோடில் அந்த வரியை எடுத்துப் படிக்கட்டும். கமராவைப் புத்தகத்தின் மேலேயே வையுங்கள்: அடிக்கோலோடு இழுத்த ஓரக்கோடு, பேனை மாறிய இடம், கையெழுத்து. அந்தப் பக்கத்தைச் சிங்களம் நன்றாக எழுதத் தெரிந்தவரே எழுதவேண்டும். பிழை எழுத்து திரையில் பெரிதாகத் தெரியும்.

அதிகம் சறுக்கும் இடம் கடைசி எபிசோட். குற்றவாளி நாயகியின் முன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான், இசை எழும், முடிந்தது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அவனுக்கெதிராக நிரூபிக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் விதிவிலக்கு. சாதாரணக் கொலைக்கு அது வராது. ஆனால் அவன் சொன்னதைக் கொண்டு பொருளொன்று கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்பான பகுதி மட்டும் செல்லும். ஆகவே உங்கள் உச்சக்காட்சி அழுகையாக இருக்கவேண்டாம், அவன் சொன்ன பொருளைத் தேடி முகத்துவாரத்தில் சேற்றுக்குள் கை விடுவதாக இருக்கட்டும். பிடியாணையில்லாமல் பிடித்தவரைப் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஒரு முழு எபிசோடை அந்த ஒரு நாளுக்குள் அடைத்தால் விறுவிறுப்பு தானாக வரும். இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை மட்டும் அன்று மாலையே வந்துவிடக்கூடாது. ஒன்றாம் எபிசோடில் அனுப்பினால் ஆறில் வரட்டும்.

இனிக் கணக்கு. 22 நிமிடப்படி 8 எபிசோட் வையுங்கள். எபிசோடுக்குத் திரைக்கதை 23 பக்கம் என்றால் மொத்தம் 184. நாளுக்குச் சராசரி 5 பக்கம் எடுத்தால் 37 நாள், மழைக்கு 4 நாள் கூட்டுங்கள். நிலையக் காட்சிகளை எல்லா எபிசோடுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எடுக்கவேண்டும். செட்டில் 6 பக்கம் ஓடும், இரவு வீதியில் 3 தாண்டாது. அப்படி எடுக்கும்போது சுவரிலுள்ள கலண்டரும் நாயகியின் கைக்கட்டும் குழம்பும். கதையில் அது எத்தனையாவது நாள் என்பதை ஒவ்வொரு சீனின் தலைப்பிலும் எழுதுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி மழை அட்டவணையைத் தின்றுவிடும்.

சீருடைக்கும் பொலிஸ் சின்னத்துக்கும் எழுத்து மூல அனுமதி எடுங்கள். சீருடையோடு நடிகையைத் தேநீர்க் கடைக்கு அனுப்பாதீர்கள், மேலே ஒரு சேர்ட்டைப் போட்டுவிடுங்கள். கோட்டைப் பக்கம் ட்ரோன் நினைப்பை விட்டுவிடுவது உத்தமம்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து வீடு பார்க்க அழகுதான், ஆனால் ரயில் வசனத்தின் நடுவில் போகும். சீன் நடக்கும் அதே மணிக்கு ரெக்கோடரோடு போய் ஒரு மணி நேரம் நின்று பதிவு செய்து பாருங்கள். ஹோர்ன், கோயில் மணி, மேல்மாடித் தண்ணீர் மோட்டர் எல்லாம் எத்தனை நிமிடத்துக்கொருமுறை என்று குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு வீட்டுக்காரரிடம் வாடகை பேசலாம்.