எந்த நாட்டு ஆங்கிலமும் காதில் பிடிபட

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட, நியூசிலாந்துக்காரரோ ஸ்காட்லாந்துக்காரரோ வேகமாகப் பேச ஆரம்பித்ததும் திணறிப்போவார்கள். காது ஒரே உச்சரிப்புக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். பழக்கினால் சரியாகிவிடும்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்: யாரும் இஷ்டத்துக்கு உச்சரிப்பதில்லை, ஒரு ஊரில் ஒரு ஒலி மாறினால் அந்த ஒலி வரும் சொற்களெல்லாம் சேர்ந்தே மாறும். ஆஸ்திரேலியர் பலர் 'டுடே' என்பது 'டுடை' என்று காதில் விழும், அப்படியானால் 'மேட்' என்பதும் 'மைட்' என்றுதான் விழும். நியூசிலாந்தில் 'பெட்' கிட்டத்தட்ட 'பிட்' ஆகிவிடுகிறது, பழைய 'பிட்' இடம் விட்டு 'பட்' பக்கம் நகர்கிறது. அவர்களுடைய 'ஃபிஷ்' நமக்கு 'ஃபஷ்' என்று கேட்பது இதனால்தான். அதனால் சொல் சொல்லாக மனப்பாடம் செய்யாதீர்கள், எந்த ஒலி எங்கே நகர்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

பயிற்சிக்கு என் முதல் சிபாரிசு, ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் 'ஸ்பீச் ஆக்சென்ட் ஆர்க்கைவ்' இணையதளம். 'ப்ளீஸ் கால் ஸ்டெல்லா' என்று தொடங்கும் ஒரே பத்தியைப் பல நாட்டு ஆட்கள் படித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பத்தியை எழுத்தில் ஒருமுறை படித்துவிட்டு ஒரே நாட்டுக்காரர்கள் சிலரை வரிசையாகக் கேளுங்கள், ஆனால் ஒரு தடவைக்கு ஒரு ஒலி போதும். ஆஸ்திரேலியரிடம் 'ஸ்னேக்', 'ட்ரெயின் ஸ்டேஷன்'. நியூசிலாந்துக்காரரிடம் 'ரெட்', 'பிக்', 'கிட்ஸ்'. அப்புறம் 'ஸ்டோர்' என்ற சொல்லின் கடைசி ஒலி: ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பெரும்பாலான அமெரிக்கர்களிடம் 'ர்' தெளிவாக இருக்கும், லண்டன், ஆஸ்திரேலியா பக்கம் காணாமல் போயிருக்கும்.

உச்சரிப்பு பிடிபட்ட பிறகும் அர்த்தம் காலை வாரும், உண்மையில் நஷ்டம் வருவது இங்கேதான். தென்னாப்பிரிக்கர் 'ஜஸ்ட் நவ்' என்றால் உடனே இல்லை, கொஞ்ச நேரம் கழித்து, சில சமயம் ரொம்பவே கழித்து. கானாவிலும் நைஜீரியாவிலும் எழுந்து போகிறவர் 'ஐ யாம் கமிங்' என்பார், நாம் கிளம்பும்போது 'வருகிறேன்' என்பது போலத்தான். நீங்கள் தடுக்கி விழுந்தால் நைஜீரியர் 'சாரி' சொல்வது தப்பை ஒப்புக்கொள்வது அல்ல, உங்களுக்காக வருத்தப்படுவது. கூட்டத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வோம் என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிவைப்பது, அதாவது நேர் எதிர். தேதியும் அப்படியே: 4/7 என்பது பிரிட்டனில் ஜூலை 4, அமெரிக்காவில் ஏப்ரல் 7. எனவே நேரமோ தேதியோ வந்தால் மாதத்தை எழுத்திலும் மணியை எண்ணிலும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இன்னொன்று, அவர்களுடைய பேச்சைத் திருப்பி நடித்துக் காட்டாதீர்கள், கேலி மாதிரிதான் படும். சிங்கப்பூரில் 'முடியுமா, முடியாதா?' என்பதற்கு 'கேன் ஆர் நாட்?' என்று கேட்பதைக் கொச்சை என்று ஒதுக்கவும் வேண்டாம். அரசே 2000-இல் 'நல்ல ஆங்கிலம் பேசுங்கள்' என்று இயக்கம் தொடங்கியும், சிங்லிஷ் என்ற இந்தச் சிங்கப்பூர் பேச்சு ஆங்கிலம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, அதற்கென்று ஒழுங்கான இலக்கணமும் உண்டு.

புரியாவிட்டால் வெறுமனே 'பார்டன்?' என்று கேட்டால் அதே வேகத்தில் அதே வாக்கியம்தான் திரும்ப வரும். புரிந்த பாதியை நீங்களே சொல்லிவிட்டு விட்டுப்போனதை மட்டும் கேளுங்கள்: 'ரயில் தாமதம் என்றீர்கள், எத்தனை மணிக்கு வரும்?'