உங்கட இன்டர்நெட்டை வன்னி மேப் மாதிரிக் கீறுறது எப்பிடி

முதல்ல போன் செட்டிங்ஸில எந்த ஆப்பில எவ்வளவு நேரம் நிண்டனீங்கள் எண்டு ஒரு கிழமைக் கணக்கப் பாத்து எழுதுங்கோ, பேந்து சதுரக்கோட்டுக் கொப்பியில 30 நிமிசத்துக்கு 1 கட்டம். பரப்பை எதால அளக்கிறம் எண்டதுதான் இதில பெரிய விசயம். எக்ஸ்கேசிடி எண்ட இன்டர்நெட் காட்டூனில 2007ல வந்த இணையத் தளங்களின்ர மேப்பில, அந்தந்தத் தளத்தில இருக்கிற ஆக்களின்ர எண்ணிக்கைதான் நிலத்தின்ர அளவு, 2010ல திரும்பக் கீறேக்க அந்தக் காட்டூன்காரர் ஒரு நாளில எவ்வளவு கதைபேச்சு நடக்குது எண்டு பாத்துக் கீறினவர், படமே மாறிப்போச்சு.

அடுத்தது தண்ணி. யூடியூப்ப வன்னியின்ர பெரிய குளமான இரணைமடுக் குளமா நடுவில வையுங்கோ, வீடியோ லிங்க் எங்கெங்க போகுதோ அங்கெல்லாம் வாய்க்கால் இழுங்கோ. வாட்ஸ்அப் குரூப் எல்லாம் காட்டுக்குள்ள தனித்தனிச் சின்னக்குளம், ஏனெண்டா ஆரும் சேர்க்காமல், இல்லாட்டி லிங்க் கிடைக்காமல் வெளியாள் உள்ள வரேலாது, போர்வேட் மெசேஜுக்கு ஒற்றையடிப் பாதை காணும். கனடா லண்டன் சொந்தங்களின்ர வீடியோ கோல்தான் வன்னிக்குள்ளால போற ஏ9 றோட், நல்ல தடிப்பாக் கீறுங்கோ.

2014ல மூடின ஆர்குட், 2019ல மூடின கூகுள் பிளஸ் எண்ட பழைய சமூக வலைத்தளங்கள் ரெண்டையும் தூர்ந்த குளமாக் கட்டாயம் போடுங்கோ, அதுகள் இல்லாத மேப் எனக்கு அரைகுறைதான்.

பேருகளக் கடைசியா எழுதுங்கோ, முதலே எழுதினா வாய்க்காலுக்கு இடம் காணாது.