முதல் குழுக் கண்காட்சிக்கு முன்: இளம் ஓவியர்கள் செய்கிற தவறுகள்

ஓவியக் கல்லூரி முடித்து இரண்டு மூன்று வருடம் ஆன பிள்ளைகள் என்னைப் பார்க்க வரும்போது பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எந்த குரூப் ஷோவுல சேரலாம்?" அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஒரே கூரையின் கீழ் இருபது பேர் வரைந்துகொண்டிருந்த இடம் திடீரென்று இல்லாமல் போய்விடுகிறது. வாடகை அறை, பகலில் சம்பளத்துக்கு ஒரு வேலை, ராத்திரியில் மட்டும் தூரிகை. யாராவது நம் படத்தைப் பார்க்கமாட்டார்களா என்று மனசு ஏங்குகிறது. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது இது: "மாசத்துக்கு ஒரு தடவையாவது உன் அறைக்கு வந்து படத்தைப் பார்க்கிற ஆள் யாரு?" பலர் பதில் சொல்வதில்லை. கண்காட்சியில் நடக்கிற சொதப்பல்களில் பாதிக்குமேல் அந்த மௌனத்தில்தான் தொடங்குகின்றன.

சக ஓவியர்களைப் போட்டியாளராகவோ ரசிகராகவோ மட்டும் வைத்திருப்பது

சக ஓவியர்களோடு சேர்ந்து இயங்குவதற்கு நம் ஊரில் நல்ல முன்னோடிகள் உண்டு. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோதே, தன் மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அந்த நிலத்துக்கான பணம், எல்லோரும் சேர்ந்து மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றதில் வந்தது. ஓவியம் விற்றால்தான் அடுப்பெரியும் என்ற நெருக்கடியிலிருந்து ஓவியத்தைக் காப்பாற்ற அவர்கள் கண்டுபிடித்த வழி அது. அவர்களுடைய பாணிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஒரு பக்கம், நந்தகோபாலின் உலோகச் சிற்பங்கள் வேறொரு பக்கம். நிலம், பட்டறை, பேச்சு ஆகியவைதான் அவர்களுக்குப் பொதுவாக இருந்தன. நண்பர்களோடு குழு சேரும்போது 'நாம எல்லாரும் ஒரே மாதிரி வரையிறோமா' என்று யோசிப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வரைய வேண்டியதில்லை. எதைப் பகிர்ந்துகொள்ளப் போகிறோம் என்பதைத்தான் முதலில் பேச வேண்டும்: வாடகையா, அச்சுப்படம் எடுக்கிற பிரஸ் மெஷினா, வண்டிச் செலவா, ஞாயிற்றுக்கிழமை மதியமா?

எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். சூளைமேட்டில் ஒரு நண்பனின் மாடி அறை. ஐந்து பேர். ஆளுக்கொரு படம் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைப்போம். ஒரே விதி, படம் போட்டவர் பத்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் முதலில் கண்ணில் படுவதை மட்டும் சொல்ல வேண்டும். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்ற பேச்சே கிடையாது. "என் கண்ணு முதல்ல அந்த இடது மூலை சிவப்புக்குத்தான் போகுது." "எனக்கு அந்தப் பொம்பளையோட கை பாரமா தெரியுது." ஒருமுறை நான் நான்கு மாதமாகப் போராடிய ஒரு மூன்றடிப் படத்தைக் கொண்டுபோனேன். நண்பன் ஒருவன் எழுந்துபோய் அன்றைய நாளிதழை மடித்துப் படத்தின் வலது பக்கம் மூன்று விரற்கடை அளவுக்கு மறைத்துப் பிடித்தான். அவ்வளவுதான், படம் நின்றது. அந்த ஓரத்தில் நான் ஆசை ஆசையாக வரைந்திருந்த ஜன்னல்தான் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டிருந்தது. அன்று ராத்திரியே ஸ்ட்ரெச்சர் என்கிற மரச்சட்டத்திலிருந்து ஆணியைப் பிடுங்கி, கான்வாஸை மடித்து, அளவைக் குறைத்து மறுபடி இழுத்துக் கட்டினேன். அந்த நாளிதழ் செய்ததை என் போனில் வந்த எந்த 'சூப்பர் ப்ரோ'வும் செய்திருக்காது.

இந்தச் சந்திப்பில் எல்லோரும் செய்கிற தவறு, முடிந்த படத்தை மட்டும் கொண்டுவருவது. முடிந்த படத்துக்கு நண்பர்கள் பாராட்டு மட்டும்தான் தர முடியும். பாதியில் திணறி நிற்கிற படத்தைக் கொண்டுபோங்கள். இன்னொன்று, கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது. உங்கள் முறை முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் மூன்றாவது வாரம் யாரும் உங்கள் படத்தை ஊன்றிப் பார்க்கமாட்டார்கள்.

குழு என்றால் ஆயுளுக்கும் நிலைக்க வேண்டும் என்று நினைப்பதும் வீண் பாரம். ஓவியர் ஜெ. சுவாமிநாதன் உள்ளிட்ட பன்னிரண்டு பேர் சேர்ந்த 'குரூப் 1890', பெயரை பாவ்நகரில் தாங்கள் கூடிய வீட்டின் எண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது. நம் மெட்ராஸிலிருந்து ரெட்டப்ப நாயுடுவும் அதில் இருந்தார். 1963-இல் டெல்லியில் ஒரே ஒரு கண்காட்சி. நேரு திறந்துவைத்தார், மெக்சிகோ கவிஞர் ஆக்டாவியோ பாஸ் கேட்லாகுக்கு எழுதினார். அதன்பிறகு குழு கலைந்தது. இன்றுவரை அந்த ஒற்றைக் கண்காட்சியைப் பேசுகிறார்கள்.

தேதிக்காக வரைவது

அழைப்பு வந்ததும் தலைப்புக்கு ஏற்ற மாதிரி புதிதாக வரைய உட்காருவார்கள். தலைப்பு 'நீர்' என்றால் அதுவரை கட்டடத் தொழிலாளிகளை வரைந்துகொண்டிருந்தவர் திடீரென்று தாமரைக் குளம் வரைவார். ஏற்கெனவே கையில் ஓடிக்கொண்டிருக்கிற வேலையில் அந்தத் தலைப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கட்டடத்தில் சிமென்ட் கலக்கத் தண்ணீர்த் தொட்டி இருக்கும், அந்த அம்மா சும்மாடு கட்டிச் சுமக்கிற குடம் இருக்கும். எங்கேயும் இல்லையென்றால் இந்தக் கண்காட்சி உங்களுக்கானது இல்லை, அடுத்ததைப் பார்க்கலாம்.

அவசரத்தில் எண்ணெய் வண்ணம் பழிவாங்கும். கனமாகப் பூசிய ஆயில் மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். முந்தின வாரம் முடித்த படத்துக்குப் பளபளப்புக்காக வார்னிஷ் அடித்தால் பின்னால் வெடிப்பு விடலாம். தேதி நெருக்கமாக இருந்தால் பழைய படத்தைக் கொடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

காசு கட்டி மாட்டுவது

நண்பர்கள் ஆறு பேர் காசு போட்டு, கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி மாதிரி ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்து, கணக்கு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடத்துவது நேர்மையான, நல்ல வழி. யாரென்றே தெரியாத ஒருவர் 'தேசிய', 'சர்வதேச' என்று பெயர் வைத்து, ஒரு படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, நூற்றைம்பது பேருக்கும் ஷீல்டும் சான்றிதழும் கொடுப்பது வேறு. அங்கே படம் தேர்வு செய்யப்படுவதில்லை. பணம் அனுப்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் தேர்வு செய்கிறார்கள்? ஒரு ஆளுக்கு எத்தனை அடி சுவர்? போன தடவை கலந்துகொண்ட இரண்டு பேரிடம் பேசலாமா? மூன்றாவது கேள்விக்கு முகம் மாறினால் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

எழுதி வாங்காமல் படத்தைக் கொடுப்பது

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் கண்காட்சியில் மூன்று படங்களை ஒரு கேலரியில் கொடுத்தேன், ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது. பெரிய மனிதர்களிடம் போய்ச் சீட்டு கேட்பதா என்று. எட்டு மாதம் கழித்து இரண்டு திரும்பி வந்தன. மூன்றாவதைப் பற்றிக் கேட்டபோது "நீங்க ரெண்டுதானே தம்பி கொடுத்தீங்க" என்றார்கள். என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. அந்தப் படத்தில் என் அப்பாயி திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

அதனால் படம் கைமாறும்போது ஒரு தாள் போதும்: படத்தின் பெயர், அளவு, ஊடகம், விலை, கொடுத்த தேதி, திரும்பத் தரும் தேதி, கமிஷன் எத்தனை சதவீதம், சேதமானால் யார் பொறுப்பு, விற்றால் எத்தனை நாளில் பணம். இருவர் கையெழுத்து. கொடுக்கும்போதே முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள், அதுவே ஒரு சாட்சி. விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை கமிஷன் கேட்கிற கேலரிகள் பல. அதைக் கணக்கில் வைத்துத்தான் விலை போட வேண்டும். கேலரியில் நாற்பதாயிரம், வீட்டுக்கு வந்தால் இருபதாயிரம் என்று இரண்டு விலை வைத்தால் அந்தக் கேலரியும் உங்களை நம்பாது, வாங்கியவரும் நம்பமாட்டார்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் வரைந்த படத்தை ஒருவர் விலைக்கு வாங்கினால் அந்தக் கான்வாஸ்தான் அவருடையது. அதை அச்சடித்து காலண்டர் போடும் உரிமை, நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதவரை, உங்களிடமே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு நிலைமை வேறு. தனியாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதன் பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கே போய்விடும். எனவே அட்வான்ஸ் வாங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

சுற்றுவது, மாட்டுவது, எழுதுவது

அக்ரிலிக் படத்தின் மேல் நேரடியாக பப்பிள் ராப் சுற்றாதீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில் வேன் டாப்பில் ஏற்றிப் போகும்போது வண்ணம் இளகி, வட்ட வட்டமாகக் குமிழ்த் தடம் பதிந்துவிடும். முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் குமிழ் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி பப்பிள் ராப், நான்கு மூலைக்கும் அட்டை. சுருட்டி அனுப்புவதாக இருந்தால் வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் நசுங்கி வெடிக்கும்.

மாட்டும்போது படங்களின் மேல் விளிம்பை ஒரே கோட்டில் வைக்கப் பார்ப்பார்கள். அளவு வேறு வேறாக இருந்தால் அது கண்ணை உறுத்தும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வந்தால் நின்று பார்க்கிறவருக்கு வசதி. லேபிளில் அளவு எழுதும்போது உயரம் முதலில், அகலம் பிறகு. இதை மாற்றி எழுதியதால் கேட்லாகில் படம் படுத்துக்கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தன் படங்களைப் பற்றிய சிறு குறிப்பான ஸ்டேட்மென்ட் எழுதச் சொன்னால் எல்லோரும் எழுதுவது: 'என் ஓவியங்கள் மனித வாழ்வின் இன்ப துன்பங்களை வெளிப்படுத்துகின்றன.' இதை யார் படத்துக்கும் கீழே ஒட்டலாம். முதலில் தமிழில், நண்பனிடம் பேசுகிற மாதிரி எழுதுங்கள். தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவன் எழுதியது எனக்கு மனப்பாடம்: 'மூன்று வருடமாக எங்கள் ஊர் உப்புப் பாத்திகளை மதிய வெயிலில் வரைகிறேன். நிழலே விழாத ஒரு இடத்தை எப்படி வரைவது என்பதுதான் என் சிக்கல்.' படித்தவர்கள் திரும்பிப் போய் அவன் படத்தை இன்னொரு முறை பார்த்தார்கள்.

திறப்பு விழா முடிந்ததும் காணாமல் போவது

முதல் நாள் குத்துவிளக்கு, போட்டோ, காபி. அதோடு பலர் வருவதில்லை. உண்மையாகப் பார்க்க வருகிறவர்கள் புதன், வியாழன் மதியங்களில் தனியாக வருவார்கள். முறை வைத்து ஒருவராவது அங்கே இருங்கள். ஒரு நோட்டு வையுங்கள், வருகிறவர் பெயரும் போன் நம்பரும் எழுதட்டும். உங்கள் படத்தின் முன் ஒருவர் நின்றால் ஓடிப்போய் விளக்காதீர்கள். அவர் உங்கள் பக்கம் திரும்பும்வரை பொறுங்கள். பக்கத்துப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கூடக் காட்சிக்கு வைத்திருக்கிறவர் என்ன செய்கிறார் என்று தெரியாமல் ஒரு வாரம் அந்தக் கூடத்தில் நிற்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

கடைசி நாள் எல்லோரும் வர வேண்டும், விற்காதவர்களும். ஐந்து மணிக்குப் படங்களை இறக்கி, ஆளுக்கொரு ரோலாக பட்டர் பேப்பரை வெட்டி, ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டியவனின் படத்தை முதலில் கட்டுங்கள். ஒருவர் ஆணிகளைப் பிடுங்கினால் இன்னொருவர் பின்னாலேயே பட்டி வைத்து ஓட்டையை அடைத்துக்கொண்டு வரட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யார் அறையில் கூடுவது என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிடலாம்.