சங்கத்துக்கு முன்னால் ஒரு நோட்டு

பெங்களூரு சிக்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை கவுண்டரில் பதினோரு வருஷம் நின்றிருக்கிறேன். நின்றிருக்கிறேன் என்று சும்மா சொல்லவில்லை. ஸ்டூலே கிடையாது. சம்பளத்துக்கும் பாதுகாப்புக்கும் சேர்ந்து கேட்க நினைக்கிறவர்களுக்கு, நாங்கள் செய்ததையும் சொதப்பியதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். கடைக்குள் போன நேரம், சாப்பாட்டுக்கு விட்ட நேரம், ஷட்டர் இறக்கி வெளியே வந்த நேரம், மூன்றையும் அன்றன்றைக்கே எழுதுங்கள். மாசக் கடைசியில் மொத்தமாக எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும், யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் கணக்கு. கர்நாடகத்துக்கு 1961-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி வாரத்துக்கு 48 மணி நேர வேலை, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். காலை பத்து முதல் இரவு ஒன்பதரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு என்றால் ஒரு நாளைக்குப் பத்தரை மணி. ஆறு நாளுக்கு 63. பதினைந்து மணி கூடுதல். மாசம் 15,600 ரூபாய் வாங்குகிறவருக்கு 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 600, அதை எட்டு மணியால் வகுத்தால் மணிக்கு 75. ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேரத்துக்கு, மணிக்கு 150. ஒரு வாரத்துக்கு 2,250 ரூபாய்! இதைப் பில் பேப்பரின் பின்பக்கம் போட்டுக் காட்டியதும், "வம்பு வேண்டாம்மா" என்றிருந்த பில்லிங் அக்கா தன் நோட்டைத் தானே வாங்கிக்கொண்டார்.

ஆள் சேர்க்கும்போது கடை வாட்ஸ்அப் குரூப் பக்கமே போகாதீர்கள், சூப்பர்வைசர் அதில்தான் இருக்கிறார். ஸ்ரீராமபுரத்தில் என் வீட்டில், ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டு டீ கொடுத்துப் பேசினோம். சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பத்தில் குறைந்தது ஏழு பேர் கையெழுத்து வேண்டும். ஏழோடு நின்றுவிடாதீர்கள். நாங்கள் நின்றோம். எல்லோரும் தமிழ்ப் பெண்கள், எல்லோரும் சேலை கவுண்டர். குடோனில் மூட்டை தூக்கும் இந்திக்காரப் பையன்களிடம் பேசவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சேர்ந்து வேலைக்கு வராமல் இருந்தபோது முதலாளி அவர்களைக் கவுண்டரில் நிறுத்திவிட்டார். தப்பு எங்கள் மேல்தான். உருதும் இந்தியும் தெரிந்த சிவாஜிநகர் தோழி ஒருத்தியை வைத்து அப்புறம் அவர்களிடம் பேசினோம்.

பாதுகாப்பில் முதல் விஷயத்தை அந்தப் பையன்கள்தான் காட்டினார்கள். தீபாவளிச் சரக்கு வந்தால் பின்படிக்கட்டு முழுக்க மூட்டை. தீப்பிடித்தால் வெளியே வர வழியில்லை. தேதியோடு போட்டோ எடுத்து வைத்தோம்.

இ.எஸ்.ஐ.யையும், அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டையும் பாருங்கள். 15,600-க்குச் சம்பளத்தில் பிடிக்கும் நம் பங்கு 117 ரூபாய். ஸ்லிப்பில் பிடித்தால் மட்டும் போதாது, ராஜாஜிநகர் ஆஸ்பத்திரியில் உங்கள் நம்பர் செல்லுபடியாகிறதா என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கடைக்குக் கொடுக்கும் மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். கடை பதில் தராவிட்டால் பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கும் தொழிலாளர் துறை ஆபீஸான கார்மிக பவனுக்குப் போகலாம். ஸ்டூல் கேட்கும்போது, கேரளாவில் 2018-இலும் தமிழ்நாட்டில் 2021-இலும் கடை ஊழியர் உட்காரச் சட்டமே வந்துவிட்டதை எழுதினோம்.

பதினோரு பேருக்கு நான்கு ஸ்டூல் வந்திருக்கிறது. அரை மணிக்கு ஒருத்தி என்று முறை வைத்திருக்கிறோம். பின்படிக்கட்டு காலி. ஓ.டி. பாக்கிக்குத் தேதி மட்டும் சொல்லியிருக்கிறார்கள், அதையும் நோட்டில் எழுதிவிட்டேன்.