சுவிட்சைத் தொடும் கையையும் கணக்கில் சேருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் ஓர் அண்டி ஆபீசுக்குப் பருப்பு ரகம் பிரிக்கும் கூடம் வரைந்து கொடுத்தேன். முந்திரி ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அறுபதடி நீளம், முப்பதடி அகலம், வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல்கள், 20 வாட் எல்இடி ட்யூப் 24. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, வருடத்தில் 300 நாள் எல்லாமே எரிந்தால் 1,296 யூனிட் ஆகும். பகல் வெளிச்சம் போதாத நேரத்துக்கு மட்டும் விளக்கு என்று கணினியில் ஓட்டிப் பார்த்ததில் அதில் கால்பங்கு போதும் என்று வந்தது. உரிமையாளரிடம் பெருமையாகச் சொன்னேன். ஒரு வருடம் கழித்து மீட்டர் காட்டியது ஏறக்குறைய முழுத் தொகை. வெளிச்சக் கணக்கு தவறவில்லை. அங்கே வேலை செய்யும் ஆட்களை நான் கணக்கில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் அந்தப் பிழையைச் செய்யாமலிருக்க, நான் இப்போது செய்யும் வரிசையைச் சொல்கிறேன்.

முதல் வேலை கணினியில் இல்லை, இடத்தில். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரைச் சுவரில் ஒட்டி, அதன் கண் அறையைப் பார்க்கும்படி வைத்து ஓர் அளவு எடுங்கள். பிறகு மீட்டரைத் திருப்பிச் சுவரைப் பார்க்கும்படி ஒரு சாண் தள்ளிப் பிடித்து இன்னோர் அளவு எடுங்கள். உங்கள் நிழல் அந்த இடத்தில் விழக்கூடாது. இரண்டாவதை முதலால் வகுத்தால் சுவரின் பிரதிபலிப்பு ஏறக்குறையக் கிடைக்கும். புத்தகங்கள் சுவருக்கு 0.5, தரைக்கு 0.2 என்று கொடுத்திருக்கும். எங்கள் ஊர்ச் சிவப்பு ஆக்ஸைடு தரையில் எனக்கு 0.1 தான் வந்தது. வெளியே நிற்கும் தென்னையையும் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரையும் கணினி மாதிரியில் கட்டாயம் சேருங்கள். மரமில்லாத மனையை நான் இந்த மாவட்டத்தில் அதிகம் பார்த்ததில்லை.

கணக்குப் போட ரேடியன்ஸ் போதும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் உருவான இலவச மென்பொருள். இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தேன். ஒன்று, கண்ணாடி. கம்பெனிச் சீட்டில் ஒளி ஊடுருவல் 0.88 என்று இருந்தால் ரேடியன்ஸில் 0.96 என்று எழுத வேண்டும்; அது கேட்பது வேறு அளவு. இன்னொன்று, வானத்தை உருவாக்கும் ஜென்ஸ்கை கட்டளை. அது தீர்க்கரேகையை மேற்கு நோக்கி எண்ணும். ஆகவே நாகர்கோவிலின் 77.4-க்கும் இந்திய நேரத்தின் 82.5-க்கும் முன்னால் கழித்தல் குறி வேண்டும். இரண்டிலும் மறந்தால் 12.20-ஐ ஒட்டி உச்சிக்கு வர வேண்டிய சூரியன் 11.40-க்கே வந்துவிடும். படம் அழகாகத்தான் இருக்கும், சந்தேகமே வராது. ஒளி சுவரில் மோதித் திரும்பும் எண்ணிக்கையை ஐந்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். குறைத்தால் கூடத்தின் நடுப்பகுதி இருப்பதைவிட இருட்டாகத் தெரியும்.

வருடம் முழுவதற்குமான வெயில், மேகக் கணக்கைத் தரும் வானிலைக் கோப்புக்குத் திருவனந்தபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும். ஆரல்வாய்மொழிப் பக்கம் மழை குறைவு என்பதால் அங்கே வானம் கோப்பில் இருப்பதைவிடத் தெளிவாக இருக்கும்.

அளவெடுக்கும் மட்டம் வேலை நடக்கும் மட்டமாக இருக்க வேண்டும். வழக்கமான 75 சென்டிமீட்டரை வைத்தேன். அங்கே பெண்கள் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து 50 சென்டிமீட்டர் உயர மேசையில் பருப்பைப் பரப்புகிறார்கள். வெள்ளைப் பருப்பையும் லேசாகச் சூடு கண்ட இளமஞ்சள் பருப்பையும் கை நிற்காமல் பிரிக்க வேண்டும். அதனால் மேசையில் 500 லக்ஸ் என்று வைத்துக்கொண்டேன்.

இனி ஆட்கள். இங்கிலாந்தில் ஹன்ட் என்பவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகத் தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. அறைக்குள் நுழையும்போது, இருப்பதிலேயே இருண்ட மேசையைப் பார்த்து மனிதர் விளக்கைப் போடுவார்கள். போட்டால் எல்லாவற்றையும் போடுவார்கள். அறை காலியாகும்போதுதான் அணைப்பார்கள். இடையில் வெயில் ஏறியதற்காக எழுந்து போய் அணைப்பவர் அரிது. ரைன்ஹார்ட் என்ற ஆய்வாளர் பின்னர் இதை லைட்ஸ்விட்ச் என்ற கணக்குமுறையாக்கி, வருடம் முழுவதற்கும் பகல் வெளிச்சத்தைக் கணக்கிடும் டேசிம் மென்பொருளில் சேர்த்தார். ஆகவே வருடத்தின் ஒவ்வொரு மணிக்கும் லக்ஸ் பார்ப்பதோடு நில்லாதீர்கள். காலை 8 மணிக்கு நடுமேசையில் எவ்வளவு வெளிச்சம் என்று பாருங்கள். அப்போது போதவில்லை என்றால் மாலை வரை எரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி அந்தக் கூடத்துக்குப் போனேன். வடக்கு ஜன்னல்களில் சாக்கு தொங்கியது. வடக்கு வெளிச்சம் குளுமையானது என்று கல்லூரியில் படித்தவன் நான். ஆனால் எட்டு டிகிரி அட்சரேகையில் ஏப்ரல் 11 வாக்கில் தலைக்கு மேலே வரும் சூரியன், அதன்பின் செப்டம்பர் தொடங்கும் வரை நண்பகலில் வடக்கே நிற்கிறது. உச்சி வெயிலை இரண்டடி சன்ஷேடு தடுத்துவிடும். காலை எட்டு மணி வெயில் வடகிழக்கிலிருந்து சாய்ந்து, சன்ஷேடுக்கு அடியில் புகுந்து மேசையில் விழுகிறது. பருப்பின் நிறம் கண்ணுக்கு மாறிப்போகும். “வெயிலில் எல்லாமே வெள்ளையாகத் தெரிகிறது தம்பி” என்றார் மேற்பார்வை பார்க்கும் அக்கா. அதனால் சாக்கு, சாக்கினால் இருட்டு, இருட்டினால் 24 ட்யூபும்.

நான்கடி ஜன்னலுக்குக் கிழக்கு ஓரத்தில் ஒன்றேமுக்கால் அடி நீட்டிய செங்குத்துப் பலகை ஒன்று ஜூன் மாதக் காலை எட்டு மணி வெயிலை மறைத்துவிடுகிறது. மாலை வெயிலுக்கு மேற்கு ஓரத்திலும் அப்படியே. கம்பிவலை மேல் சிமென்ட் பூசிச் செய்யும் ஃபெரோசிமென்ட் பலகை போதும். சாக்கு இருக்கும்போதும் இல்லாதபோதும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள்; திரையை மாதிரியில் விட்டுவிட்டு மின்சாரத்தை மட்டும் கணக்கிடுவது வீண்.

அடுத்து வயரிங். எலக்ட்ரீஷியன் கதவுப் பக்கத்திலிருந்து குறுக்குக் குறுக்காக இழுத்திருந்தார்: ஒரு சுவிட்சைப் போட்டால் ஜன்னலோரமும் நடுவும் சேர்ந்து எரியும். ஜன்னலுக்கு இணையான மூன்று வரிசையாக மாற்றினோம். நடுவரிசையைப் போட்டாலும் ஓரங்கள் அணைந்தே இருக்கலாம்.

மூன்றாவது காசில்லாத வேலை. சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா எல்லாச் சுவிட்சையும் அணைப்பது என்று ஏற்பாடு. 1.30-க்குத் திரும்பி வருபவர்கள் புதிதாக முடிவெடுக்கிறார்கள், அதுவும் நல்ல வெளிச்சத்தில். எட்டு மணிக்கு ஒன்று, ஒன்றரைக்கு ஒன்று என்று நாளுக்கு இரண்டு முடிவாகக் கணக்கை மாற்றி ஓட்டினேன்: 1,296 என்பது 610 ஆனது. கால்பங்கு இல்லைதான். ஆனால் அடுத்த வருட மீட்டர் இதற்கு வெகு அருகில் வந்தது.

மிச்சமிருந்த வித்தியாசம் ஜூன், ஜூலையில். அடைமழை பெய்யும் நாட்களில் சாப்பாட்டு நேரத்தில்கூட அக்கா சுவிட்ச் பக்கம் போவதில்லை. எப்படியும் திரும்பப் போடத்தானே வேண்டும் என்று கேட்டார். அந்த அரைமணியையும் கணக்கில் சேர்த்துவிட்டேன்.